மந்தக் காலத்தில் வீட்டு டே கேருக்குப் பிள்ளைகள் வருவார்களா?

கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒருவர், தம் மனைவி உரிமம் பெற்று வீட்டிலேயே ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர் ஒன்றைத் தொடங்க விரும்புவதாகவும், நாட்டில் பொருளாதார மந்தம் வந்தால் இத்தொழிலுக்குத் தேவை கூடுமா குறையுமா என்றும் கேட்டிருக்கிறார். பெரிய மையங்களைவிட வீட்டு டே கேரில் பொதுவாகக் கட்டணம் குறைவு, ஆகவே வருமானம் சுருங்கும்போது பெற்றோர் மையத்தை விட்டு வீட்டுக்கு வருவார்கள் என்று அவருடைய நண்பர் ஒருவர் சொல்கிறார். வேலை போனவர்கள் தங்கள் பிள்ளையைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள், தொழில் படுத்துவிடும் என்று இன்னொரு நண்பர் சொல்கிறார்.

இரண்டு கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது. 1990–91, 2007–09, 2020 ஆகிய மந்தங்களின்போது அமெரிக்காவில் நடந்ததை வைத்துப் பார்த்தால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற தேவை அவ்வளவாகக் குறைவதில்லை. காசு கொடுத்து, வாரம் ஐந்து நாளும், முழு நேரமும் விட்டுச் செல்லும் தேவைதான் குறைகிறது. அப்படிக் குறைந்ததில் மையங்கள் இழந்த பங்கு பொருளாதாரம் மீளும்போது பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. வீட்டு டே கேர் இழந்த பங்கு அப்படித் திரும்புவதில்லை. இந்தக் கடைசிச் செய்திதான் தொழில் தொடங்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது என்பது என் கருத்து. நண்பர்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை.

முதலில், வீட்டில் நடக்கும் பராமரிப்பு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க அரசு 2012-இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, வீட்டில் வைத்துச் சிறு குழந்தைகளை முறையாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஏறத்தாழ 38 லட்சம் பேர். இவர்களில் சுமார் 27 லட்சம் பேர் ஒரு காசும் வாங்காதவர்கள். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் போன்றவர்கள். காசு வாங்கிக்கொண்டு பார்ப்பவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லாதவர்கள். உரிமமோ பதிவோ பெற்றுப் பட்டியலில் இருந்தவர்கள் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள் மட்டுமே. மந்தம் வரும்போது இந்த மூன்று அடுக்குகளும் மூன்று விதமாக அசைகின்றன. காசில்லாத அடுக்கு வீங்குகிறது. பட்டியலில் இல்லாத அடுக்கில் பெற்றோரும் புதிதாகச் சேர்கிறார்கள், பராமரிப்பாளர்களும் புதிதாகச் சேர்கிறார்கள். உரிமம் பெற்ற அடுக்குதான் மேலிருந்தும் கீழிருந்தும் நெரிபடுகிறது. உங்கள் மனைவி தொடங்க நினைப்பது இந்த மூன்றாவது அடுக்கில்.

இதற்கு மிகத் தெளிவான சான்று பழையது, 1990–91 மந்தத்தின் காலத்தது. வேலைக்குப் போகும் தாய்மார்களின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை, தாய் வேலையில் இருக்கும் நேரத்தில் முதன்மையாக யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை அவ்வப்போது கேட்டு வந்தது. தந்தையே பார்த்துக்கொள்கிறார் என்ற பதில் 1988-இல் சுமார் 15 விழுக்காடாக இருந்தது. மந்தத்தை ஒட்டி, 1991-இல், அது 20 விழுக்காடாக உயர்ந்தது. 1993-இல் மீண்டும் 16-க்கு இறங்கியது. மையங்களுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் சென்ற குழந்தைகளின் பங்கு அதே மூன்று ஆண்டுகளில் 26, 23, 30 என்று இறங்கிப் பிறகு ஏறியது. உறவல்லாத ஒருவரின் வீட்டில் விடப்பட்ட குழந்தைகளின் பங்கோ 24, 18, 17 என்று போயிற்று. தந்தையர் வேலைக்குத் திரும்பிய பிறகு அவர்கள் கையிலிருந்த குழந்தைகள் எங்கேயாவது போயிருக்க வேண்டுமல்லவா? அவர்களில் பலர் மையங்களுக்குப் போனார்கள். வீட்டு டே கேருக்குத் திரும்பவில்லை.

இந்த எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவை வேலையில் இருந்த தாய்மார்களின் குழந்தைகளை மட்டும் எண்ணியவை. வேலையிழந்த தாயின் குழந்தை இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. ஆகவே காசு கொடுத்துப் பராமரிப்பைத் தேடியவர்களின் உண்மையான சரிவு இந்த விழுக்காடுகள் காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்ததாகக் கணிக்கப்படும் மந்தத்தில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. கட்டுமானமும் ஆலைத் தொழிலும் முதலில் விழுந்ததால் வேலையிழந்தவர்களில் ஆண்கள் அதிகம். 2009-இல் ஆண்களின் வேலையின்மை விகிதம் பெண்களுடையதைவிட இரண்டு புள்ளிகளுக்கு மேல் உயர்ந்திருந்தது. மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை செய்த மனைவிக்கு வேலை இருந்தது. கணவர் வீட்டில் இருந்தார். அத்தகைய குடும்பம் வாரந்தோறும் 150, 200 டாலர் கொடுத்துக் குழந்தையை வேறிடத்தில் விடக் காரணமே இல்லை. மனைவி வேலைக்குப் போகும் குடும்பங்களில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை முறையாகப் பார்த்துக்கொள்ளும் தந்தையரின் பங்கு 2002-இல் 26 விழுக்காடாக இருந்து 2010-இல் 32 விழுக்காடாக உயர்ந்ததாக அதே கணக்கெடுப்புத் துறை பிறகு தெரிவித்தது.

வேலை முழுவதும் போகாதவர்களால் நேர்ந்த இழப்பு இதைவிட நுட்பமானது. ஆனால் வீட்டு டே கேர் நடத்துபவருக்கு அதிகத் தலைவலி தந்தது அதுவே. முழுநேர வேலை கிடைக்காமல் பகுதிநேரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை 2007-இன் இறுதியில் ஏறத்தாழ 46 லட்சமாக இருந்து, 2009-இலும் 2010-இலும் 90 லட்சத்தைத் தொட்டது. இவர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு வேண்டும். ஆனால் வாரத்தில் இரண்டு நாள், அல்லது மூன்று நாள், அதுவும் எந்த நாள் என்பது முந்தின வாரம்தான் தெரியும். செவ்வாயும் வியாழனும் மட்டும் வரும் குழந்தைக்காக ஓர் இடத்தை ஒதுக்கினால், திங்கள், புதன், வெள்ளிக்கு இன்னொரு குழந்தை கிடைத்தால் மட்டுமே அந்த இடம் முழுக் காசு தரும். அப்படிப் பொருந்தும் இன்னொரு குழந்தை கிடைப்பது அரிது. அதனால் மந்தக் காலத்தில், தொலைபேசியில் விசாரிப்பவர்கள் குறையவில்லையே என்று தோன்றினாலும், விசாரிப்பவர்கள் கேட்பது இரண்டு நாளும் மாலை வேளையும் ஞாயிற்றுக்கிழமையுமாக இருக்கும். தேவை இருக்கிறது, நாம் விற்கும் வடிவில் இல்லை. இரவிலும் வார இறுதியிலும் குழந்தையை ஏற்றுக்கொள்ளத் துணிந்த வீடுகள் இந்த நிலையைச் சமாளித்தன. மையங்கள் பெரும்பாலும் காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை மட்டுமே இயங்குவதால், அந்த நேரங்களில் அவர்களுக்குப் போட்டியே இல்லை.

இனி, மையத்திலிருந்து வீட்டுக்கு இறங்கி வருவார்கள் என்ற முதல் நண்பரின் வாதத்துக்கு வருவோம். இந்த இறக்கம் நடக்கத்தான் செய்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கு மையக் கட்டணம் செலுத்தி வந்த குடும்பம், கூடுதல் நேர ஊதியம் நின்றவுடன் வீட்டு டே கேரைத் தேடி வரும். கைக்குழந்தைக்கான கட்டணம்தான் மையங்களில் மிக அதிகம் என்பதால், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ளவர்கள் வருவார்கள். ஆனால் செலவைக் குறைக்கத் துணிந்த குடும்பம் ஒரு படி மட்டும் இறங்கி நிற்பதில்லை. மையத்துக்கும் உரிமம் பெற்ற வீட்டுக்கும் உள்ள கட்டண வேறுபாடு பல ஊர்களில் கால் பங்கோ அதற்கும் குறைவோதான்; உரிமம் பெற்ற வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுக் கட்டணம். ஆகவே பலர் நடுப்படியைத் தாண்டி நேராகக் கீழ்ப்படிக்குப் போய்விடுகிறார்கள். அதோடு, வேலையிழந்து வீட்டில் இருக்கும் பெண் ஒருவர், தம் குழந்தையோடு பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டையும் பார்த்துக்கொள்ள முன்வருவதும் மந்தக் காலத்தில்தான். உரிமத்துக்கோ காப்பீட்டுக்கோ பயிற்சிக்கோ செலவு செய்யாத அவரால் பாதிக் கட்டணத்துக்குப் பார்க்க முடியும். கலிஃபோர்னியாவில் தம் குழந்தைகளைத் தவிர ஒரே ஒரு வெளிக்குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உரிமமே தேவையில்லை என்பதால், அது சட்டப்படியே நடக்கக்கூடும். மேலிருந்து வருபவர்களைக் காட்டிலும் கீழே இறங்கிப் போகிறவர்கள் அதிகமாவது இப்படித்தான்.

எத்தனை குழந்தைகள் குறைந்தால் தொழில் தாங்கும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். ஆறு குழந்தைகள், வாரத்துக்கு ஆளுக்கு 200 டாலர் என்றால் வரவு 1,200. வாடகையில் ஒரு பங்கு, காப்பீடு, மின்சாரம், உரிமம் போன்ற மாறாச் செலவு வாரத்துக்கு 350 என்றும், உணவு முதலிய செலவு குழந்தைக்கு 25 என்றும் வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 700. இரண்டு குழந்தைகள் நின்றுவிட்டால் வரவு 800, மாறாச் செலவு அதே 350, குழந்தைகளுக்கான செலவு 100, மிஞ்சுவது 350. வரவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, வருமானம் பாதியாயிற்று. வேலை நேரமோ அப்படியே இருக்கிறது, ஏனெனில் மீதமுள்ள நான்கு பேரில் ஒருவர் காலை ஏழுக்கு வந்து இன்னொருவர் மாலை ஆறுக்குப் போனாலும் கதவைத் திறந்துவைத்திருக்க வேண்டிய நேரம் மாறாது. 80 குழந்தைகள் உள்ள மையம் இதே விகிதத்தில் இழந்தால் ஒரு வகுப்பறையை மூடி இரண்டு ஆசிரியர்களை நிறுத்தும். அது கொடுமைதான், ஆனால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். வீட்டுப் பராமரிப்பாளர் தம்மைத் தாமே வேலையிலிருந்து நிறுத்திக்கொள்ள முடியாது.

எண்ணிக்கை குறையாமலேயே வரவு குறைவதும் உண்டு. மையத்தில் கட்டணம் நிலுவையானால் அலுவலகத்திலிருந்து கடிதம் போகும். வீட்டு டே கேரிலோ, கட்டணம் தராதவர் ஒரு வருடமாகத் தினமும் வாசலில் நின்று பேசிப் பழகியவர். அவருடைய குழந்தை உங்கள் மடியில் தூங்கிய குழந்தை. வேலை போயிற்று, இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்கும்போது மறுக்க மனம் வராது. இரண்டு வாரம் ஆறு வாரமாகி, ஒரு நாள் சொல்லாமலே அவர்கள் வருவது நின்றுவிடும். புள்ளிவிவரங்களில் இது தேவை குறைந்ததாகப் பதிவாகாது. கடன் தொகையாகக்கூடப் பதிவாகாது. கடைசி இரண்டு வாரக் கட்டணத்தைச் சேரும்போதே முன்பணமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலில் ஏற்பட்டது இதனால்தான். அதைப் பழக்கத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

இதுவரை கைக்காசு கொடுக்கும் பெற்றோரைப் பற்றிப் பேசினோம். அமெரிக்காவில் வீட்டு டே கேர் நடத்தும் பலருடைய வருமானத்தில் கணிசமான பங்கு அரசு மானியத்திலிருந்து வருகிறது. குறைந்த வருமானக் குடும்பத்தின் சார்பில் கட்டணத்தின் பெரும்பகுதியை மாநிலமே செலுத்துகிறது. மந்தத்தில் இந்தப் பணத்தின் போக்கு தாறுமாறாக இருக்கும். தகுதி பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை உயரும் அதே வேளையில், வரி வருவாய் சரிந்த மாநில அரசு செலவைக் குறைக்கத் தொடங்கும். 2009 பிப்ரவரியில் நிறைவேறிய மீட்புச் சட்டத்தின் மூலம் மத்திய அரசு குழந்தைப் பராமரிப்பு மானியத்துக்குக் கூடுதலாக 200 கோடி டாலர் ஒதுக்கியது. அதே பிப்ரவரியில்தான் அரிசோனா, புதிய குடும்பங்களைச் சேர்ப்பதை நிறுத்திக் காத்திருப்போர் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. அந்தப் பட்டியல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நீடித்தது. கலிஃபோர்னியாவில் 2008-க்கும் 2012-க்கும் இடையில் குழந்தைப் பராமரிப்புக்கும் பாலர் கல்விக்கும் மாநிலம் கொடுத்துவந்த தொகையில் சுமார் 100 கோடி டாலர் வெட்டப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மானிய இடங்கள் மறைந்தன. 2010 அக்டோபரில் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் தம் தனியதிகாரத்தால் வெட்டிய 25.6 கோடி டாலர், அரசின் பண உதவியிலிருந்து விலகி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கானது. அந்தப் பிள்ளைகள் 50,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பலர் வீட்டு டே கேர்களில் இருந்தார்கள். வேலையில் இருக்கும் தாய்க்கு வேலை போகவில்லை, மானியம் போயிற்று. பொருளாதார நூல்கள் தேவை என்று எழுதும்போது இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அந்த ஆண்டில் பல வீட்டு டே கேர்களில் நாற்காலிகள் காலியானதற்குக் காரணம் மந்தத்தைவிட மாநில பட்ஜெட்தான்.

மானியத்தில் இன்னொரு கண்ணியும் இருந்தது. பெற்றோர் வேலை செய்வதற்காகத் தரப்படும் உதவி என்பதால், வேலை போனால் பல மாநிலங்களில் சில வாரங்களிலேயே மானியமும் நின்றுவிடும். பிறகு வேலை தேட வேண்டிய தாய் நேர்காணலுக்குப் போகும்போது குழந்தையை எங்கே விடுவது என்று திண்டாடுவார். 2014-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒருமுறை தகுதி பெற்ற குடும்பத்துக்குக் குறைந்தது 12 மாதம் தகுதி நீடிக்க வேண்டும், வேலையிழப்பைக் காரணம் காட்டி நிறுத்துவதானால்கூடக் குறைந்தது மூன்று மாதம் வேலை தேட அவகாசம் தர வேண்டும் என்று விதி வந்தது. மானியக் குழந்தைகளை ஏற்கும் வீட்டு டே கேருக்கு இது, 2008-இல் இல்லாத ஒரு மெத்தை.

உணவு மானியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகளுக்குத் தரும் உணவுக்காக மத்திய வேளாண்மைத் துறை கொடுக்கும் ஈட்டுத்தொகையில் 1997 முதல் இரண்டு அடுக்குகள் உண்டு. ஏழ்மை மிகுந்த பகுதியில் உள்ள வீடுகளுக்கும், தாமே குறைந்த வருமானமுள்ள பராமரிப்பாளர்களுக்கும் உயர்ந்த தொகை. அருகிலுள்ள பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் பிள்ளைகள் பாதியோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பகுதி உயர்ந்த அடுக்கில் சேரும். மந்தத்தில் அப்படித் தகுதி பெறும் பிள்ளைகள் கூடுவதால், முன்பு கீழ் அடுக்கில் இருந்த வீடு மேல் அடுக்குக்கு வர வாய்ப்புண்டு. வரவு சுருங்கும் காலத்தில் தானாகக் கூடும் வருமானம் இத்தொழிலில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்; பலர் கேட்டு வாங்குவதில்லை.

2008 நெருக்கடி வீட்டுக் கடனிலிருந்து தொடங்கியது என்பதால் அதற்கு இன்னொரு கொடிய முகமும் இருந்தது. வீட்டு டே கேருக்கு வீடுதான் கடை. கலிஃபோர்னியாவில் உரிமம் குறிப்பிட்ட முகவரிக்குத் தரப்படுவது. முகவரி மாறினால் புதிதாக விண்ணப்பித்து ஆய்வுக்கு உட்பட வேண்டும். தவணை கட்ட முடியாமல் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டபோது, குடும்பம் கூரையோடு தொழிலையும் இழந்தது. வாடிக்கைப் பெற்றோர் புது முகவரிக்குப் பின்தொடர்ந்து வரவும் முடியவில்லை. வாடகை வீட்டில் தொடங்குபவர்களுக்கு 2020 ஜனவரி முதல் கலிஃபோர்னியாச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தருகிறது: வீட்டு டே கேர் நடத்துவதைக் காரணம் காட்டி உரிமையாளர் தடுக்க முடியாது. வாடகை கட்ட முடியாமல் போனால் அந்தச் சட்டம் உதவாது.

2020 மந்தம் எல்லா வகையிலும் விதிவிலக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரண்டே மாதம் நீடித்த அதில் வேலையின்மை விகிதம் 15 விழுக்காட்டை நெருங்கியது. குழந்தைப் பராமரிப்புத் துறையின் ஊழியர்களில் மூன்றில் ஒருவர் வேலை இழந்தார். ஆண்களைவிடப் பெண்களின் வேலைகள் அதிகம் அடிபட்டன. தந்தை வீட்டில் தாய் வேலையில் என்ற பழைய வடிவம் இங்கே பொருந்தவில்லை. இருந்தாலும், கூட்டம் கூடும் மையத்துக்கு அஞ்சிய பெற்றோர் பலர், ஆறேழு குழந்தைகள் மட்டும் உள்ள வீட்டை நாடினார்கள். பள்ளிகள் மூடியதால் திரையின் முன் உட்காரவைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்ட பெரிய பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். முதல் நண்பர் சொன்ன இடமாற்றம் இந்த ஒரு மந்தத்தில் கண்கூடாக நடந்தது. ஆனால் அதற்குக் கட்டணம் காரணமில்லை, தொற்று பற்றிய அச்சம்தான் காரணம். அரசு பண உதவியும் முன்னெப்போதும் இல்லாத அளவில் வந்தது: சுயதொழில் செய்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்காத வேலையிழப்பு உதவித்தொகை அவர்களுக்கும் தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டது, 2021 மார்ச் மாதச் சட்டத்தில் குழந்தைப் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட 3,900 கோடி டாலரில் 2,400 கோடி, மையங்களும் வீடுகளும் மூடாமல் தாக்குப்பிடிக்க நேரடி நிதியாகத் தரப்பட்டது. அந்த நிதி 2023 செப்டம்பரோடு முடிந்தது. அடுத்த மந்தத்தில் அப்படி வரும் என்று எண்ணித் திட்டமிடுவது பேதைமை.

மந்தம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு இப்போது வரலாம். உரிமம் பெற்ற சிறிய வீட்டு டே கேர்களின் எண்ணிக்கை 2005-க்கும் 2017-க்கும் இடையில் ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. இதை முழுவதும் மந்தத்தின் தலையில் போடுவது தவறு: நீண்ட காலம் இத்தொழிலில் இருந்தவர்கள் வயதாகி ஓய்வு பெற்றார்கள், விதிமுறைகள் கூடின, நான்கு வயதுக் குழந்தைகளைப் பல மாநிலங்களின் இலவச முன்பள்ளித் திட்டங்கள் ஈர்த்துக்கொண்டன. ஆயினும் மந்தம் இவற்றை முடுக்கிவிட்டது. ஓய்வு பெற இன்னும் ஐந்து ஆண்டு இருந்தவர் இரண்டு காலி இடங்களோடு ஓராண்டைத் தள்ளிய பிறகு, இப்போதே விட்டுவிடலாம் என்று முடிவெடுப்பார். அவருடைய உரிமம் போனது போனதுதான். மூன்று ஆண்டு கழித்து அந்தத் தெருவில் வேலைக்குத் திரும்பும் தாய் வீட்டு டே கேரைத் தேடும்போது அங்கே ஒன்றும் இருக்காது, மையத்துக்குப் போவார். ஜெசிகா பிரவுன், கிரிஸ் ஹெர்ப்ஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் குழந்தைப் பராமரிப்புத் துறையின் வேலைவாய்ப்பை ஆராய்ந்து, பொருளாதாரம் சரியும்போது அது சரியும் வேகம் பொருளாதாரம் எழும்போது எழும் வேகத்தைவிட அதிகம் என்று காட்டியிருக்கிறார்கள். 1993-இன் எண்களில் தென்பட்டதும் அதே சாய்வுதான் என்று நான் கருதுகிறேன்.

பிறப்பு எண்ணிக்கை இதன் மேல் இன்னொரு தாமதமான அடியைச் சேர்க்கிறது. அமெரிக்காவில் 2007-இல் 43 லட்சத்துக்கும் சற்று மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள், அதுவரை இல்லாத உச்சம். 2010-இல் அது 40 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மந்தத்தில் பிறக்காத குழந்தை, மந்தம் முடிந்து ஓரிரு ஆண்டுகளில் டே கேருக்கு வராத குழந்தை. கைக்குழந்தைகளையும் ஒரு வயதுக் குழந்தைகளையும் நம்பி நடக்கும் வீடுகளை இது மையங்களைவிடக் கூடுதலாகப் பாதிக்கிறது.

உங்கள் நிலைக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால், நாட்டின் வேலையின்மை விகிதத்தைவிட உங்கள் வட்டாரத்தில் எந்தத் தொழில் பெற்றோருக்குச் சோறு போடுகிறது என்பதே முக்கியம். உங்கள் குடும்பத்தின் மற்றொரு வருமானம் மென்பொருள் துறையிலிருந்து வருவதாகவும், வரப்போகும் குழந்தைகளின் பெற்றோரும் அதே துறையினராகவும் இருந்தால், இரண்டு வருமானமும் ஒரே நாளில் விழும். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும் 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்கியபோது நாடு மந்தத்தில் இல்லை. ஆனாலும் நீக்கப்பட்டவர்களின் குழந்தைகள் இருந்த டே கேர்களுக்கு அது மந்தம்தான். நம்மவர்களிடையே வாடிக்கையாளரைத் தேடினால் இன்னொன்றும் சேர்கிறது. ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள் அவகாசம்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் குடும்பமே ஊர் திரும்ப நேரிடலாம், குழந்தை ஒரேயடியாகப் போய்விடும். செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பம் ஊரிலிருந்து பாட்டியையோ தாத்தாவையோ ஆறு மாத விசாவில் வரவழைப்பதும் வழக்கம். பாட்டி வந்தால் ஆறு மாத இடைவெளி, அவர் போனதும் மீண்டும் தேவை. இப்படி விட்டுவிட்டு வரும் தேவையை வைத்து உரிமம் பெற்ற தொழில் நடத்துவது கடினம். (மனைவி, ஹெச்-1பி ஊழியரின் துணைக்குத் தரப்படும் ஹெச்-4 விசாவில் இருந்தால், சுயதொழிலுக்கும் வேலை அனுமதி அட்டை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

கலிஃபோர்னியாவின் சிறிய வீட்டு உரிமத்தில் வழக்கமாக ஆறு குழந்தைகள், அவர்களில் மூவருக்கு மேல் கைக்குழந்தைகள் கூடாது. பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இருந்தால் சில நிபந்தனைகளோடு எட்டு வரை போகலாம். உங்கள் மனைவியின் சொந்தக் குழந்தைகள் பத்து வயதுக்குட்பட்டவர்களானால் அவர்களும் கணக்கில் சேர்வார்கள். நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் மாநிலப் பள்ளிகளில் இப்போது இலவச இடம் உண்டு என்பதால், அந்த வயதினரை நம்ப வேண்டாம். மந்தத்தில் அவர்கள்தான் முதலில் போவார்கள். மூன்று வயதுக்குட்பட்டவர்களும், பள்ளி முடிந்து மாலையில் வரும் பிள்ளைகளும் நிலைப்பவர்கள். ஒவ்வொரு கவுன்ட்டியிலும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பெற்றோருக்கு டே கேர் தேடித்தரும் பரிந்துரை மையம் ஒன்று அரசு நிதியில் இயங்குகிறது. எந்த வயதுக்கு, எந்த நேரத்துக்கு, எந்தப் பகுதியில் பெற்றோர் கேட்டும் இடம் கிடைக்காமல் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அங்கே போய்க் கேளுங்கள்.

ஆறு இடங்களில் இரண்டையாவது மருத்துவமனை, காவல் போன்ற, மந்தத்திலும் அவ்வளவாக ஆள் குறைக்காத வேலைகளில் உள்ள பெற்றோருக்கு, அவர்களுடைய ஒழுங்கற்ற நேரத்தை ஏற்றுக்கொண்டு கொடுக்கலாம். இன்னும் இரண்டை மானியக் குடும்பங்களுக்குக் கொடுத்தால், வேலையிழப்பு நேர்ந்தாலும் விதிப்படி சில மாதமாவது வரவு தொடரும். ஆனால் மானியம் அரசு கஜானாவிலிருந்து வருவது. 2010-இல் கலிஃபோர்னியா பட்ஜெட் ஜூலைக்குப் பதில் அக்டோபரில்தான் கையெழுத்தானது. அந்த மூன்று மாதமும் மானியப் பணத்தை நம்பியிருந்த பலர் கடன் வாங்கியே கதவைத் திறந்துவைத்திருந்தார்கள். தொடங்கும்போதே மூன்று மாத மாறாச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவைக்க முடியுமானால் தொடங்குங்கள். முடியாவிட்டால் அதைச் சேர்க்கும் வரை, உரிமம் தேவைப்படாத ஒரே குடும்பத்தின் குழந்தைகளோடு ஆரம்பிப்பது பொருத்தமாக இருக்கும்.